சிவப்பாகாத பெட்டிகள்

2024 மே மாதத்தில் டிஸ்னி நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஸ்லாக் உரையாடல் அறைகளிலிருந்து சுமார் 1.1 டெராபைட் தரவு களவுபோனது. ஜூலையில் அது இணையத்தில் கொட்டப்பட்டது. ‘நல்பல்ஜ்’ என்ற ரஷ்யக் குழுவின் கைவரிசை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2025 மே மாதம் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிவிப்பின்படி அந்த ரஷ்யக் குழு வெறும் புனைவு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 25 வயது ஆள் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள இசைந்திருந்தார். அவர் டிஸ்னியின் பாதுகாப்பு அரண் எதையும் உடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் கருவி என்று சொல்லி ஒரு நிரலை கிட்ஹப் முதலிய இணையத் தளங்களில் வைத்தார். டிஸ்னி ஊழியர் ஒருவர் அதைத் தம் சொந்தக் கணினியில் இறக்கினார். கடவுச்சொற்களை அந்த ஊழியர் சேர்த்துவைத்திருந்த கணக்கு அதன் வழியே திறந்துகொண்டது. அந்தக் கணக்கிலிருந்து அலுவலக ஸ்லாக்.

நல்பல்ஜ் என்ற அதே பெயர் 2024 ஜூனில் இன்னோர் இடத்திலும் அடிபட்டது. கம்ஃபியூஐ என்ற காட்சி நிரலாக்கக் கருவிக்கு ‘எல்எல்எம்விஷன்’ என்றொரு நோடுத் தொகுப்பு கிட்ஹப்பில் கிடைத்தது. ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் நிறுவனங்களின் மொழி மாதிரிகளைப் படத் தயாரிப்போடு இணைத்துத் தருவதாகச் சொன்ன தொகுப்பு அது. நிறுவும்போது அந்த நிறுவனங்களின் பைத்தான் லைப்ரரிகளையும் சேர்த்து இறக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவை இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் இறங்கியவை அசல் லைப்ரரிகள் இல்லை, உள்ளே வேறு வேலை சேர்த்துக் கட்டிய நகல்கள். பிரௌசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள், அட்டை விவரங்கள், பார்த்த பக்கங்களின் வரலாறு எல்லாவற்றையும் திரட்டி ஒரு டிஸ்கார்டு முகவரிக்கு அனுப்பின. திரையில் பெட்டி பெட்டியாகத்தான் இருந்தது, கம்பி கம்பியாகத்தான் இருந்தது. பிழை என்று காட்ட எதுவும் சிவப்பாகவில்லை.

காட்சி நிரலாக்கம் என்றால் வரி வரியாக நிரல் எழுதாமல், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டியைத் திரையில் வைத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டோடு கம்பியால் இணைப்பது. பெட்டிக்கு நோடு என்று பெயர். கட்டடக் கலைஞர்கள் ரைனோவின் கிராஸ்ஹாப்பரிலும் ரெவிட்டின் டைனமோவிலும் பல ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்கிறார்கள். பட உருவாக்கத்துக்கென்று 2023 ஜனவரியில் வெளிவந்த கம்ஃபியூஐ இன்று இந்த வகையின் பரபரப்பான சந்தை. நிரல் எழுதத் தெரியாதவரும் சிக்கலான வேலையைக் கட்டிவிடலாம் என்பதே இவற்றின் கவர்ச்சி. அந்தக் கவர்ச்சி பொய்யில்லை.

பொய்யாக இருப்பது வேறொன்று. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற எண்ணத்தைத் திரை கொடுக்கிறது. கம்பி காட்டுவது தரவு போகும் வழியை மட்டும். அந்தப் பெட்டியை எழுதியவர் எந்த லைப்ரரியை நம்பினார், அந்த லைப்ரரி வேறு எதை நம்பியது, எந்தப் பதிப்பில் என்பதற்குத் திரையில் கம்பி கிடையாது. உடைவதும் திருட்டு நுழைவதும் பெரும்பாலும் அந்தக் காட்டாத பக்கத்தில்தான்.

கம்ஃபியூஐயில் இது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கலாம். யாரோ எழுதிய நோடுத் தொகுப்பு ஒரு தனிக் கோப்புறையாக உங்கள் கணினிக்கு வரும். அதற்குள் தேவைப்படும் லைப்ரரிகளின் பட்டியல் ஓர் உரைக்கோப்பில் இருக்கும். பைத்தானின் பிப் நிறுவி அந்தப் பட்டியலைப் படித்து எல்லாவற்றையும் இறக்கும். கோப்புறைகள் தனித்தனி என்றாலும் இறங்கும் லைப்ரரிகள் எல்லாம் போய்ச் சேர்வது ஒரே பைத்தான் சூழலுக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடுகள் தனித்தனி, மொட்டைமாடித் தொட்டி ஒன்று என்பது போல. ஐம்பது தொகுப்பு வைத்திருப்பவர் ஐம்பது பேர் சொல்லும் பதிப்புகளை ஒரே இடத்தில் சமாளிக்க வேண்டும். ஒரே இயக்கத்தில் ஒரு லைப்ரரியின் ஒரு பதிப்புதான் ஏறும்.

பிப் இந்த மோதலைத் தடுக்குமே என்று கேட்கலாம். ஒரே கட்டளையில் கேட்டவற்றுக்குள் மோதல் இருந்தால் அது தடுக்கப் பார்க்கும். இன்று ஒரு தொகுப்பு, அடுத்த வாரம் இன்னொன்று என்று தனித்தனியாக நிறுவும்போது, முன்பு நிறுவியதற்குப் பொருந்தாத பதிப்பை இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். அந்த எச்சரிக்கை கறுப்புத் திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்று. பெட்டியும் கம்பியும் வேண்டும் என்று வந்தவர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க விரும்பாததால்தான் வந்தார்.

இதில் பலரும் மாட்டும் இடம் ஓபன்சிவி. படங்களைக் கையாளும் இந்த லைப்ரரி பைத்தானில் நான்கு பேக்கேஜ்களாக வருகிறது: சாதாரணம், கூடுதல் வசதிகளோடு, திரைச் சன்னல் வசதி இல்லாமல், கூடுதல் வசதிகள் உண்டு ஆனால் சன்னல் இல்லை. நான்கும் கணினியில் ஒரே பெயருள்ள கோப்புறைக்குள்தான் தங்களை எழுதிக்கொள்கின்றன. நான்கில் ஒன்றை மட்டும் நிறுவுங்கள் என்று அதன் பராமரிப்பாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நோடுத் தொகுப்பு முதலாவதைக் கேட்கிறது, இன்னொன்று மூன்றாவதைக் கேட்கிறது. பிப்பின் கணக்கில் இவை வெவ்வேறு பெயர்கள், ஆகவே மோதலே இல்லை. இரண்டாவதாக வந்தது முதலாவதன் கோப்புகளை மேலெழுதும். பிறகு ஒன்றை நீக்கினால் மற்றதன் கோப்புகளும் சேர்ந்து போகும். தான் நீக்கியதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டி மறுநாள் ஏன் செத்துக் கிடக்கிறது என்று பயனர் விழிப்பார்.

அடித்தள லைப்ரரியான டார்ச்சின் கதையும் இதே ஜாதிதான், விலை அதிகம். பைத்தானின் பொதுக் களஞ்சியத்திலிருந்து விண்டோஸுக்கு டார்ச்சை இறக்கினால் வருவது ஜிபியு, அதாவது வரைகலை அட்டை, ஆதரவு இல்லாத வடிவம். என்விடியா அட்டைக்கான வடிவத்தை டார்ச்சின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து தனியே இறக்க வேண்டும். ஏதோ ஒரு நோடுத் தொகுப்பின் பட்டியலில் டார்ச்சுக்கு உங்களிடம் இருப்பதற்கு வேறான ஒரு பதிப்பெண்ணைப் போட்டிருந்தால், பிப் சொன்ன பேச்சைக் கேட்டு, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஜிபியு வடிவத்தை எடுத்துவிட்டு ஜிபியு இல்லாததை வைத்துவிடும். பெரிய தொகை கொடுத்து வாங்கிய அட்டை கணினிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இவை குறைந்தபட்சம் சத்தம் போட்டு உடைகின்றன. ஏற்றத் தவறிய நோடு சிவப்புப் பெட்டியாகத் தெரியும், வேலை நிற்கும், தேடித் திருத்தலாம். எனக்குக் கவலை சத்தம் போடாதவற்றைப் பற்றி.

கம்ஃபியூஐயில் ஒரு வேலைத்திட்டத்தைச் சேமித்தால் அது ஜேசான் கோப்பாகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் நீங்கள் நிரப்பிய மதிப்புகள் அதில் பெயரோடு சேமிக்கப்படுவதில்லை, வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன. படத்தை உருவாக்கும் கேசாம்ப்ளர் பெட்டியின் வரிசையைப் பாருங்கள்: ஒரு நீண்ட விதை எண், அதை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா என்ற சொல், 20, 8, சாம்ப்ளரின் பெயர், அட்டவணையின் பெயர், 1. இதில் 20 என்பது படிகளின் எண்ணிக்கை, 8 என்பது நீங்கள் எழுதிய குறிப்பை எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்ற அளவு. எது எது என்று அந்த வரிசையில் எழுதியிருக்காது, இடம்தான் அடையாளம். இப்படிச் சேமிக்கும் ஒரு கருவியில், ஒரு நோடை எழுதியவர் பயனருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு புதிய எண் அமைப்பைச் செருகினால், பழைய கோப்பைத் திறக்கும்போது அதற்குப் பின்னுள்ள மதிப்புகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போய் உட்காரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் விழுந்தால் கருவி மறுத்துவிடும், பிழை தெரிந்துவிடும். எண்ணின் இடத்தில் எண் விழுந்தால் மறுக்கக் காரணமே இல்லை. படம் வரும், ஆனால் முன்பு வந்த படம் வராது. வாடிக்கையாளர் சென்ற மாதம் ஒப்புக்கொண்ட அதே தோற்றம் ஏன் வரவில்லை என்று வடிவமைப்பாளர் தன் குறிப்பையும் மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று பெயர். ஒவ்வொரு நோடுக்கும் உள்ளே ஒரு சாவிப்பெயர் உண்டு. இரண்டு தொகுப்புகள் ஒரே சாவிப்பெயரை வைத்திருந்தால் பின்னால் ஏறுவது முன்னதை மேலெழுதிவிடும். கம்ஃபியூஐயின் சொந்த நோடுகளை மட்டும் இப்படி யாரும் மேலெழுத முடியாதபடி பாதுகாத்திருக்கிறார்கள். தொகுப்புக்கும் தொகுப்புக்கும் இடையே அந்தக் காவல் இல்லை. ‘படத்தைச் சேமி’, ‘அளவை மாற்று’ போன்ற வேலைகளுக்கு ஆளாளுக்கு நோடு எழுதும் உலகத்தில் பெயர் மோதுவது அபூர்வம் இல்லை. நீங்கள் வைத்த பெட்டி அங்கேயே இருக்கும், உள்ளே ஓடுவது வேறொருவர் நிரலாக இருக்கும்.

வேறு வழி இல்லாததால் இப்படி என்று சொல்ல முடியாது. 2013இல் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த நோட்-ரெட், சென்சர்களையும் இணையச் சேவைகளையும் பெட்டி-கம்பியால் இணைக்கும் கருவி. அங்கே அமைப்புகள் பெயரோடு சேமிக்கப்படுகின்றன, ஆகவே நடுவில் ஒன்று புகுந்தாலும் மற்றவை நகராது. ஒரே வகைப்பெயரை இரண்டாவது தொகுப்பு பதிவுசெய்ய வந்தால், ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று பிழை சொல்லி நிறுத்திவிடும். அது நம்பியிருக்கும் என்பிஎம் நிறுவியோ, இரண்டு தொகுப்புகள் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளைக் கேட்டால் இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்துக்கொடுக்கிறது. இதில் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட் உலகம் கொடுத்த வரம். பைத்தானில் அந்த வரம் இல்லை. ஜிபியு நினைவகத்தில் இருக்கும் பெரிய தரவைப் பெட்டிக்குப் பெட்டி கைமாற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தொகுப்பையும் தனி இயக்கமாகப் பிரிப்பதும் லேசான வேலை இல்லை. இதை கம்ஃபியூஐக்காரர்கள் சார்பில் சொல்லத்தான் வேண்டும். பெயர் மோதினால் ஒரு வரி எச்சரிக்கை போடுவதற்கு ஜிபியு தடையாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிராஸ்ஹாப்பர் காட்டும் பாடம் இன்னும் கறாரானது. 2007இல் ‘எக்ஸ்பிளிசிட் ஹிஸ்டரி’ என்ற பெயரில் தொடங்கி, 2018இல் ரைனோ 6 வந்தபோது அதற்குள்ளேயே இடம்பிடித்த கருவி அது. அங்கே ஒவ்வொரு பெட்டி வகைக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. வெளியிட்டுவிட்ட பெட்டியின் உள்ளீடுகளையோ வெளியீடுகளையோ தொடாதே என்பது அங்கே செருகுநிரல் எழுதுபவர்களின் வழக்கம். மாற்றவேண்டும் என்றால் பழைய பெட்டியை அப்படியே விட்டு, பட்டியலிலிருந்து மட்டும் மறைத்து, புதிய அடையாள எண்ணோடு புதிய பெட்டி எழுது. பழைய கோப்பைத் திறப்பவருக்குப் பழைய பெட்டியே வரும். அதன்மேல் ‘பழையது’ என்ற சின்னம் தெரியும். விருப்பம் இருந்தால் புதியதுக்கு மாறிக்கொள்வார். எழுதுபவருக்கு இது எரிச்சலான வேலைதான், செத்த நிரலை ஆண்டுக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டும். பாலமோ கோபுரமோ வரைந்த கோப்பை ஐந்து ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அந்தச் சுமையின் அருமை தெரியும்.

டைனமோவில் சோதனை வெளியிலிருந்து வந்தது. பைத்தான் 2-இன் காலம் 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. டைனமோ வரைவுகளுக்குள் பயனர்கள் எழுதிவைத்த பைத்தான் துணுக்குகள் பெரும்பாலும் அந்தப் பைத்தான் 2-ஐப் பின்பற்றும் அயர்ன்பைத்தான் 2-ஐ நம்பியவை. அது பின்னாளில் தனியே நிறுவவேண்டிய பேக்கேஜ் ஆனது. ரெவிட் 2025 டாட்நெட் 8-க்கு மாறியபோது, பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்காகக் கட்டிய பேக்கேஜ்களில் பலவற்றைத் திரும்பக் கட்டவேண்டி வந்தது. ஒரு வரைவு எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பை நம்புகிறது, அது இந்தக் கணினியில் இருக்கிறதா, இருப்பது வேறு பதிப்பா என்று பக்கப் பலகையில் காட்டும் வசதி டைனமோவில் உண்டு. இந்த வகைக் கருவிகளில் வந்த மேம்பாடுகளில் ஆரவாரமே இல்லாத, ஆனால் மிக உருப்படியான ஒன்று என்று இதைச் சொல்வேன். காட்டாத கம்பியைத் திரைக்குக் கொண்டுவந்தது அது.

கம்ஃபியூஐயில் வசதி எதிர்த்திசையில் வளர்ந்தது. அது உருவாக்கும் பிஎன்ஜி படத்துக்குள்ளேயே அதை உருவாக்கிய வேலைத்திட்டம் முழுவதும் பதிந்திருக்கும். எங்கோ பார்த்த அழகான படத்தை இழுத்துத் திரையில் போட்டால் பெட்டிகளும் கம்பிகளும் விரியும். உங்களிடம் இல்லாத பெட்டிகள் சிவப்பாக வரும். மேனேஜர் என்ற துணைக் கருவியில் ‘இல்லாத நோடுகளை நிறுவு’ என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எந்த நோடு எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து இறக்கித் தரும். அற்புதமான வசதி, மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவைக் கணக்கிடுங்கள்: முன்பின் தெரியாத ஒருவர் வெளியிட்ட படம், முன்பின் தெரியாத நாலைந்து பேரின் நிரலை உங்கள் கணினியில் உங்கள் பயனர் உரிமையோடு ஓடவைக்கிறது. நடுவில் இருந்தது ஓரிரு சொடுக்கு. சிவப்பைப் போக்குவது என்பதே வேலையின் ஒரு படியாகிவிட்டால், யாருடைய நிரல் என்று கேட்பதற்கு இடம் இல்லை.

நல்ல எண்ணத்தோடு எழுதிய தொகுப்பும் இதிலிருந்து தப்பவில்லை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற, படத்தில் பொருள்களைக் கண்டறியும் புகழ்பெற்ற லைப்ரரியின் 8.3.41, 8.3.42 பதிப்புகள் பைத்தான் களஞ்சியத்தில் வெளியாயின. உள்ளே கிரிப்டோ நாணயம் தோண்டும் எக்ஸ்எம்ரிக் நிரலை இறக்கும் வேலை சேர்ந்திருந்தது. அல்ட்ராலிட்டிக்ஸ் எழுதியவர்கள் செய்ததில்லை அது. கிட்ஹப்பில் அவர்களுடைய வெளியீட்டைத் தானாகக் கட்டும் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் புகுந்து, கட்டும் நேரத்தில் சேர்த்துவிட்டார். ஆகவே கிட்ஹப்பில் இருந்த மூல நிரலை வரி வரியாகப் படித்தவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. களையப்பட்டது என்று நினைத்த சில நாட்களில் 8.3.45, 8.3.46 என்று மறுபடியும் வந்தது. முகங்களைத் திருத்த கம்ஃபியூஐயில் பெரிதும் பயன்பட்ட இம்பாக்ட் பேக் தொகுப்பு இந்த லைப்ரரியை நம்பியிருந்ததால், அந்தச் சில நாட்களில் நிறுவியவர்களுக்கும் புதுப்பித்தவர்களுக்கும் சிக்கும் ஆபத்து வந்தது. பிறகு மேனேஜரே அந்தப் பதிப்புகளைத் தேடி எச்சரிக்கும்படி மாற்றினார்கள்.

இங்கே பதிப்பெண்ணைக் கட்டிவைப்பதன் பொருள் தெரிகிறது. பட்டியலில் லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதினால், இன்று எது புதிதோ அது வரும். அந்தப் புதியது நஞ்சானால் நஞ்சு வரும். எண்ணை இறுக்கிக் கட்டினால் நஞ்சு தடுபடும், ஆனால் மேலே சொன்ன டார்ச் விபத்து நேரும். இந்த முரணுக்கு நோடு எழுதுபவர் அளவில் முழுத் தீர்வு கிடையாது. அவர் கையில் உள்ளவை சில. டார்ச் போன்ற அடித்தளத்தைப் பட்டியலில் தொடாமல் விடலாம். பத்து வரியில் எழுதக்கூடிய ஒன்றுக்காக ஒரு லைப்ரரியை இழுக்காமல் இருக்கலாம். சாவிப்பெயருக்கு முன்னால் தொகுப்பின் பெயரை ஒட்டலாம். பயனருக்குப் புரியும்படி பெயர் மாற்ற ஆசை வந்தால், கம்ஃபியூஐ அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் காட்சிப்பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், சாவிப்பெயரில் கைவைக்கக் கூடாது. புதிய அமைப்பை வரிசையின் கடைசியில் சேர்க்கலாம். வசதி செய்கிறேன் என்று புறப்பட்டு அடுத்தவர் கோப்புகளை உடைப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்.

பயனர் அளவில் முதல் காரியம், இந்தக் கருவி ஓடும் விண்டோஸ் கணக்கில் வங்கிக் கடவுச்சொல் சேமித்த பிரௌசர் இருக்கக் கூடாது. தனிக் கணினி முடியாது என்றால் தனிப் பயனர் கணக்கு. அடுத்தது, முடிந்த வேலை ஒன்றைக் காப்பாற்ற ஜேசான் கோப்பு மட்டும் போதாது. மேனேஜரில் ஸ்னாப்ஷாட் என்றொரு வசதி இருக்கிறது. கம்ஃபியூஐ எந்த நிலையில் இருந்தது, ஒவ்வொரு தொகுப்பும் எந்த நிலையில், எந்தெந்த லைப்ரரி எந்தப் பதிப்பில் என்று பதிந்துவைக்கும். வாடிக்கையாளரிடம் கோப்பைக் கொடுக்கும் நாளில் அதையும் எடுத்துவைத்தால் ஆறு மாதம் கழித்து மாறுதல் கேட்கும்போது பதற வேண்டாம். புதிய தொகுப்பை ஓடிக்கொண்டிருக்கும் நிறுவலில் சோதிப்பது, நாளைக்குக் கெடு உள்ள வேலையைப் பந்தயம் வைப்பது. இன்னொரு நிறுவலுக்கு ஆகும் வட்டு இடம் மலிவு.

கம்ஃபியூஐயின் அமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2024இல் ஒரு பதிவகம் தொடங்கினார்கள். அதில் வெளியிட்ட பதிப்பை எழுதியவரே பின்னால் மாற்ற முடியாது. சரத்தை நிரலாக்கி ஓட்டுவது, ஓடும்போதே பிப்பை அழைத்து எதையாவது நிறுவுவது, நிரலைப் படிக்க முடியாதபடி மறைப்பது எல்லாம் அங்கே தடை. புதிய வேலைத்திட்டக் கோப்புகளில் ஒவ்வொரு நோடும் எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பும் சேர்கிறது. இந்த விதிகள் பதிவகம் வழியே வருபவற்றைத்தான் கட்டும். கிட்ஹப் போன்ற தளத்தின் கிட் முகவரியைக் கொடுத்து நேராக நிறுவுபவரை அவை கட்டாது.

அந்த நேர்வழிக்கும் மேனேஜரில் ஒரு பூட்டு இருக்கிறது. பாதுகாப்பு நிலை ‘நார்மல்’ என்று இருக்கும்வரை கிட் முகவரியால் நிறுவுவதை அது மறுக்கும். மறுப்பு வந்ததும் பலர் தேடிப் போவது அந்த நிலையை ‘வீக்’ என்று மாற்றச் சொல்லும் வழிகாட்டியை. தடையை நீக்குவதே நிறுவலின் பகுதியாவது புதிதல்ல: ஒருகாலத்தில் கிராஸ்ஹாப்பர் செருகுநிரலை இறக்கியதும் வலது சொடுக்கில் ‘அன்பிளாக்’ செய் என்பது நிறுவலின் சாதாரணப் படியாகச் சொல்லித்தரப்பட்டது. வெளியிலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் போட்ட தடையை நீக்குவது அது. மேனேஜரின் அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். ‘வீக்’ என்று இருந்தால், யாருக்காக, எந்தத் தொகுப்புக்காக அப்படி மாற்றினீர்கள் என்று யோசித்துவிட்டு, திரும்ப ‘நார்மல்’ என்று எழுதி, கம்ஃபியூஐயை மறுபடி தொடங்குங்கள்.